ஒரு பாட்டு முழுக்க

எனக்குக் கால்களைக் கண்டால் ஆகாது. காலணிக் கடையில் பெண்கள் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது ஜோடிப் பாதங்கள் என் முகத்துக்கு நேரே நீட்டப்படுகின்றன. நான் குட்டை ஸ்டூலில், அவர்கள் மேலே நாற்காலியில். குதிகால் வெடிப்புக்குள் கறுப்பாக அடைந்திருக்கும் அழுக்கு, சாக்ஸைக் கழற்றும்போது மாவு மாதிரி உதிரும் தோல், விரல் இடுக்கில் ஊறி வெளுத்த சதை, ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்து பழுப்பேறிய நகம். ஒரு அம்மாள், போட்டுப் பார்த்த செருப்பு இறுக்குகிறது என்று, கைப்பையிலிருந்து பிளேடை எடுத்து அங்கேயே கால் ஆணியைச் சீவினாள். சீவியதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "குப்பைத்தொட்டி எங்கம்மா இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனை வருடத்தில் ஒரு பாதத்தையும் நான் வெறும் கையால் தொட்டதில்லை. அளவுப் பலகை இருக்கிறது, குதிகாலை உள்ளே தள்ளத் தகடு இருக்கிறது, மீதிக்கு ஒரு நைலான் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொள்வேன். வீட்டில் குளியலறைக்கு ஒரு ரப்பர் செருப்பு, சமையலறைக்கு ஒன்று, மற்ற அறைகளுக்கு ஒன்று. "இவ கனவுலகூட செருப்பு போட்டுக்கிட்டுத்தான் நடப்பா," என்பார் என் வீட்டுக்காரர்.

இப்படிப்பட்டவள் வெறுங்கால் நடன வகுப்பில் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அக்கா.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. ஒரே கட்டடத்தில் அவர்கள் கீழே, நாங்கள் மேலே. வீட்டிலேயே திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுப்பாள். நல்ல கனமான உடம்பு. அவள் சிரித்தால் தையல் மெஷினும் சேர்ந்து ஆடும். பத்து வருடமாகச் சர்க்கரை. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா ஒரு வாரம் நடந்தாள், நிறுத்திவிட்டாள்.

"நடந்து நடந்து எங்கடி போறது? திரும்பி வந்தா அதே வீடு, அதே மனுஷன்," என்றாள்.

அவளுக்குத் தையல் வேலை கொடுக்கிற சோபாக்காரருடைய பட்டறைக்கு மேலே ஒரு பெரிய கூடம். பகலில் அவர் அங்கே துணி விரித்து வெட்டுவார், நாற்காலி மெத்தைகளுக்குத் துணி இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிப்பார். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஐந்தரைக்கு அதே கூடத்தை ஒரு நடன டீச்சர் வாடகைக்கு எடுத்திருந்தாள். உறை கொடுக்கப் போன அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரே பிடியாக நின்றாள். அவள் வீட்டுக்காரர், என் அத்தான், அவளைத் தனியாக அனுப்பப் பயந்தார்.

"சுகர் திடீர்னு எறங்கிட்டா என்ன பண்றது? நீயும் கூடப் போயேம்மா. உனக்குத்தான் அஞ்சு மணிக்குக் கடை முடிஞ்சிடுதே."

"எனக்கு ஆடத் தெரியாதே அத்தான்."

"அவளுக்கு மட்டும் தெரியுமா என்ன?"

"எனக்குக் காது கேக்குது," என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

முதல் நாள் நான் தடித்த சாக்ஸோடு போனேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. நின்றபடியே எண்ணினேன், பதினான்கு ஜோடி. அதாவது இருபத்தெட்டு பாதம். தொழில் புத்தி, அளவுகளையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி முதுகு. தரை வரை தொங்கும் வெள்ளைப் பாவாடை. குரல் மட்டும் தேன்.

"சாக்ஸையும் கழட்டிடுங்க. தரைக்கும் நமக்கும் நடுவுல எதுவுமே இருக்கக்கூடாது. செருப்புங்கிறது காலுக்குப் போட்ட வாய்ப்பூட்டு."

வாய்ப்பூட்டு விற்றுப் பிழைக்கிறவள் நான். அதை அவளிடம் சொல்லாமல், "இன்னைக்கு ஒரு நாள் சாக்ஸோடவே இருக்கேனே," என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவள் சிரித்துவிட்டுப் பாட்டைப் போட்டாள். முதல் சுற்றிலேயே பலகைத் தரையில் சாக்ஸ் வழுக்கி, நான் இரண்டு காலும் மேலே போக, பின்புறம் அடிபட 'தொம்' என்று விழுந்தேன். கூடமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அக்கா.

சாக்ஸைக் கழற்றினேன். பாதத்தைத் தரையில் வைத்தேன். உடம்பெல்லாம் கூசியது. எனக்கு முன்னால் நின்றவரின் பாதச் சூடு அந்தப் பலகையில் இன்னும் இருந்தது. சூடு மட்டுமா, ஈரமும். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். ஊரெல்லாம் நடந்த கால் என்பதை அவர் சொல்லவே வேண்டாம், நகங்களே சொல்லின. மஞ்சளாக, அடுக்கடுக்காக, பழைய சோப்பு மாதிரி. நாங்கள் வட்டமாகச் சுற்றி ஆடினோம். அதனால் அவர் வைத்த இடத்தில் நான், நான் வைத்த இடத்தில் அக்கா. அந்த ஒரு மணி நேரத்தில் என் உள்ளங்காலில் ஒட்டியவை: ஒரு நீள முடி, துணி நூல், மணல், என்னவென்று தெரிந்துகொள்ள விரும்பாத ஒரு பிசுபிசுப்பு. கடைசியில் காலைத் தூக்கிப் பார்த்தபோது, யாருடைய குதிகாலிலிருந்தோ கழன்ற மருந்துப் பிளாஸ்திரி, நடுவில் பழுப்புக் கறையோடு, என் பாதத்தில் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் வெளியே ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஓங்கரித்தேன். அக்கா என் முதுகைத் தடவினாள்.

"ஒரு பிளாஸ்திரிக்கா இந்தப் பாடு? புள்ளை பெத்தவளாடி நீ?"

"அது என் புள்ளைக்கா. இது எவனோட குதிகாலோ."

அன்று கிருமிநாசினி போட்டு மூன்று முறை காலைக் கழுவினேன். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஐந்தேகாலுக்கு அக்கா படிக்கட்டின் கீழே நின்று என்னைக் கூப்பிட்டாள். போனேன்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, எனக்கு ஒன்று நடந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைத் தட்டி, உடனே திரும்ப வேண்டிய ஓர் அடி. அதுவரை எண்ணி எண்ணி ஆடிக்கொண்டிருந்தேன். அன்று எண்ணுவதை மறந்துவிட்டேன். கால் தானாகப் போனது. பலகையின் கீழே இருந்த வெற்றிடம் ஒவ்வொரு தட்டுக்கும் 'ம்' கொட்டியது. எது வழுவழுப்பான பலகை, எது ஓரம் தேய்ந்தது, எங்கே ஆணியின் தலை குளிர்ச்சியாக இருக்கிறது என்பதெல்லாம் உள்ளங்காலுக்குத் தெரிந்திருந்தது. செருப்புக்குள் நாற்பத்து மூன்று வருடம் ஒட்டிக்கிடந்த பத்து விரல்களும் விரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தரையைப் பிடித்தன. பாட்டு முடிந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது என்பதை அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அருவருப்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பாட்டு நின்ற அடுத்த நொடி, காலுக்கடியில் நசநசவென்று வேறொருவரின் வியர்வை. குமட்டும். பாட்டு தொடங்கினால் மறந்துபோகும், நின்றால் மறுபடி குமட்டும். இப்படியே நான்கு மாதம் போனது. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு வார் மாட்டிக்கொண்டே என் கால் ஸ்டூலுக்கடியில் தாளம் தட்டியது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஏதாவது நரம்புக் கோளாறா என்று விசாரித்தார்.

அக்கா என்னைவிட நன்றாக ஆடினாள். அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அவ்வளவு லேசாகத் திரும்பியது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆடுவாள். டீச்சரே ஒரு முறை, "இவங்களைப் பார்த்துக் கத்துக்கங்க," என்று எங்களிடம் சொன்னாள். அக்காவின் சர்க்கரை அளவும் குறைந்திருந்தது. அத்தான் போவோர் வருவோரிடமெல்லாம் அந்தக் கணக்கைச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஊர் மனமகிழ் மன்றத்திலிருந்து இரண்டு பேர் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக டீச்சர் சொல்லியிருந்தாள். பிடித்திருந்தால் அவர்களுடைய ஆண்டு விழாவில் மேடை கிடைக்கும். நாங்கள் போனபோது சோபாக்காரர் இன்னும் கூடத்தில்தான் இருந்தார். ஏதோ அவசர வேலையாம், பின் அடிக்கிற துப்பாக்கியை அப்போதுதான் கீழே வைத்திருந்தார். வழக்கமாக அவர் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, கழியில் கட்டிய காந்தத்தைத் தரை முழுக்க ஒரு முறை இழுப்பார். பின்கள் காந்தத்தில் மயிர் மாதிரி சிலிர்த்து நிற்கும். அன்று பாதிக் கூடம்தான் இழுத்திருந்தார். வாசலில் காரின் சத்தம் கேட்டது.

"போதும் போதும், விடுங்க. அவங்க வந்துட்டாங்க," என்றாள் டீச்சர்.

"இந்தப் பக்கம் இன்னும் இழுக்கலம்மா. ரெண்டே நிமிஷம்."

"நான் பாத்துக்கறேன். காந்தத்தை எடுத்துக்கிட்டு நீங்க கீழ போங்க முதல்ல."

அவர் தயங்கிவிட்டுப் போனார். டீச்சர் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. விருந்தாளிகளுக்கு நாற்காலி போட்டாள், பாட்டைப் போட்டாள்.

எங்களுக்கு மிகவும் பழக்கமான ஆட்டம் அது. வட்டம் ஒன்றரை முறை சுற்றியிருக்கும். என் கண்ணில் தரையில் ஒரு சிவப்புப் பொட்டு பட்டது. காற்புள்ளி மாதிரி, கொஞ்சம் வால் இழுத்து. இரண்டடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று.

நான் முதலில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். என் பாதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். என் ரத்தமா என்று பார்க்கவில்லை. யாருடைய ரத்தமாவது என் காலில் பட்டுவிட்டதா என்றுதான் பார்த்தேன். பட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடியையும் அந்தப் பொட்டுகளுக்கு இடையில் வைத்தேன். முன்னால் தபால்காரர் அதை மிதித்துத் தேய்த்துக்கொண்டு போனார். அவருடைய குதிகாலில் சிவப்பு ஏறியது.

அடுத்த திருப்பத்தில்தான் பார்த்தேன். அக்காவின் இடது கால். அது எழும்போது முன்பாதத்தில் ஏதோ மின்னியது. ஊன்றும்போது பொட்டு விழுந்தது. அவள் முகத்தில் வலியின் நிழல்கூட இல்லை. கண்ணை மூடி, உதடு லேசாகப் பிரிந்து, அவ்வளவு நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தாள்.

நான் தலையைத் திருப்பினேன். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது, நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. விருந்தாளிகளைப் பார்த்துப் புன்னகைத்தபடி அவள் வட்டத்துக்குள் மிதந்து வந்தாள். ஆடுகிற மாதிரியே, பாவாடையை ஒரு சுழற்றுச் சுழற்றித் தரையில் தேய்த்தாள். மீதியைத் தன் குதிகாலாலேயே அழித்தாள். வெள்ளைப் பாவாடையின் விளிம்பு ரோஜா நிறமானது. என்னைக் கடக்கும்போது உதட்டை அசைக்காமல், "ஆடுங்க," என்றாள்.

நான் ஆடினேன்.

யாரும் என்னைக் கட்டிப்போட்டிருக்கவில்லை. நான்கு அடி எட்டி அக்காவின் தோளைத் தொட்டிருக்கலாம். வாயைத் திறந்து கத்தியிருக்கலாம். அந்தக் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டியது நானாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நினைப்பிலேயே எனக்குக் குமட்டியது. இன்னொன்றும் உண்டு. அன்று என் கால் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பாட்டு இன்னும் நான்கைந்து நிமிடம் மிச்சமிருந்தது. அவ்வளவையும் ஆடி முடித்தேன்.

கைதட்டினார்கள். அக்கா கண்ணைத் திறந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தாள்.

"ஐயையோ, யாருக்கோ கால்ல அடிபட்டிருக்கு போல இருக்கே! பாவம், யாருங்க அது?"

நான் போய் அவளை ஓரத்தில் உட்கார வைத்தேன். தரையில் உட்கார்ந்து அவளுடைய இடது காலை என் மடியில் எடுத்து வைத்தேன். வெறும் கையால். சூடாக, கொழகொழவென்று இருந்தது. கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் ஒரு பின், இரண்டு முனையும் முழுசாக உள்ளே இறங்கி, முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. அதைச் சுற்றிலும் தோல் தடித்து மஞ்சளாக, அதற்கடியில் கறுப்பாக. ஒரு வாடை வந்தது. இது இப்போது குத்திய பின்னின் வாடை இல்லை. அங்கே முன்பே ஏதோ புண் இருந்திருக்கிறது.

"அக்கா, வலிக்கலையா?"

அவள் எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"சத்தம் போடாத. ரெண்டு மூணு மாசமாவே பாதம் மரத்துத்தான் கெடக்கு. சொன்னா உங்க அத்தான் டான்ஸ் வேணாம்னு நிறுத்திடுவாருடி."

நகத்தால் நெம்பிப் பின்னை எடுத்தேன். வெளியே வந்தபோது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் பல்லிடுக்கில் இருக்கிறது. கைக்குட்டையை வைத்து அழுத்திக் கட்டினேன். டீச்சர் வந்து நின்றாள். விருந்தாளிகள் காதில் விழாத அளவுக்குப் பேசினாள்.

"வீட்லயே எதையாவது மிதிச்சிருப்பாங்க. இங்க எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. கொஞ்சம் ஓரமா உக்காந்திருங்க, அவங்க போகட்டும்."

பின்னை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இதையா வீட்ல மிதிச்சாங்க? ரத்தத்தைப் பாவாடையால துடைச்சீங்களே, அப்பத் தெரியலையா?"

அவள் குனிந்து, என் காதோரமாக, அதே தேன் குரலில் கேட்டாள்: "நீங்களும்தானே பாத்தீங்க?"

நான் பின்னைக் கீழே இறக்கினேன். தபால்காரர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். நான் அக்காவைத் தாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

மருத்துவமனையில் ஊசி போட்டார்கள், புண்ணைக் கிளறிச் சுத்தம் செய்தார்கள், அங்கேயே படுக்கவைத்தார்கள். நான்காம் நாள் விரல் கத்தரிக்காய் நிறமானது. சீழ் எலும்புவரை போய்விட்டது என்றார் டாக்டர். பழைய புண்தான் பாதிக் காரணம், பின்னும் ஆட்டமும் மீதியைச் செய்துவிட்டன என்றார். ஒன்பதாம் நாள் அந்த விரலை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் கட்டு மாற்ற வேண்டும். அத்தான் முதல் நாள் பஞ்சை எடுத்தார், அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவர்கள் மகன் வெளியூரில். நான் செய்தேன். கையுறை போட்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு செய்தேன். பழைய துணியை எடுக்கும்போது அது புண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். பச்சையும் மஞ்சளுமாக ஒரு ஊறல். ஈரச் சாக்குப் பையில் இறைச்சியை மறந்து வைத்த மாதிரி ஒரு வாடை. முடிந்ததும் மாடிக்குப் போய் சில நாள் வாந்தி எடுப்பேன், சில நாள் இல்லை. பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் பழங்களோடு வந்தாள். அக்கா சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில். டீச்சர் வருத்தப்பட்டாள், விசாரித்தாள், பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"போலீஸ், கேஸுன்னு எதுவும் போகமாட்டீங்கல்ல? மன்றத்துல மேடை உறுதியாயிடுச்சு. எத்தனையோ பேரோட உழைப்பு."

"ஒரு விரல் போச்சு டீச்சர்," என்றாள் அக்கா.

டீச்சர் திடீரென்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் வலது காலைத் தூக்கி எங்களிடம் காட்டினாள். முதன்முதலாக அந்த உள்ளங்காலைப் பார்த்தேன். தோல் செருப்பின் அடிப்பாகம் மாதிரி கறுத்து இறுகியிருந்தது. முழுக்கத் தழும்புகள். புள்ளிப் புள்ளியாக, ஜோடி ஜோடியாக, சில வெளுத்து, சில கன்றிப்போய். குதிகாலில் ஒரு வெடிப்பை யாரோ நூல் போட்டுத் தைத்த மாதிரி இருந்தது. யாரோ இல்லை, அவளே தைத்தாளாம்.

"அந்தக் கூடத்துல எனக்கு எத்தனை தடவை குத்தியிருக்கு தெரியுமா? ஒரு நாள் ஆட்டத்தை நிறுத்தியிருப்பேனா? பிடுங்கிப் போட்டுட்டு ஆடினேன். ஆடறவங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். கடையில் நான் பார்த்த எந்தக் காலும் எனக்கு அப்படி வெறுப்பைக் கிளப்பியதில்லை. தனக்கு வலித்ததையெல்லாம் முழுங்கிவிட்டதாலேயே அடுத்தவர் வலியையும் முழுங்கிவிடலாம் என்று அந்தக் கால் நினைத்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு வலிச்சுது டீச்சர், நீங்க பிடுங்கினீங்க," என்றாள் அக்கா மெதுவாக. "எனக்கு வலிக்கலையே. யாராவது சொல்லியிருந்தா நானும் பிடுங்கியிருப்பேன்."

டீச்சர் என்னைப் பார்த்தாள். அரை நொடிதான். 'நான் உன்னைச் சொல்லமாட்டேன், நீ என்னைச் சொல்லாதே' என்கிற பார்வை. பிறகு காலை இறக்கினாள், எழுந்தாள், போய்விட்டாள்.

அவள் போன பிறகும் அந்தப் பார்வை என்மேல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை கிருமிநாசினி போட்டாலும் போகாது என்று தெரிந்துவிட்டது. மறுநாள் கட்டு மாற்றும்போது, அக்காவின் கால் என் மடியில் இருக்கும்போதே, அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"உனக்கு இது அருவருப்பா இருக்கில்ல?"

"ஆமாக்கா."

"எனக்கும்தான்டி," என்று சிரித்தாள். "என் காலுதான், ஆனா கிட்ட வந்தா மூக்கைப் பொத்திக்கலாம் போல இருக்கு."

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ரத்தத்தை நான் பாத்தேன்."

"எப்போ?"

"ஆடிக்கிட்டிருக்கும்போதே. உங்க கால்தான்னும் பாத்தேன். பாத்துட்டு ஆடினேன்."

அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றது, எடுத்துவைக்க மறந்த சாமான் மாதிரி.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பாட்டு முழுக்க."

"ஏன்டி?"

"தொடணுமேன்னு இருந்துச்சு. அப்புறம்... ஆட்டம் நல்லா வந்துச்சு."

அக்கா பாதிக் கட்டோடு காலை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "மீதியை நான் பாத்துக்கறேன். நீ மேல போ," என்றாள்.

மறுநாளிலிருந்து பக்கத்துக் கிளினிக் நர்ஸ் பெண் வந்து கட்டு மாற்றினாள். நான் படியில் ஏறி இறங்கும்போது அக்காவின் கதவு சாத்தியிருந்தது. தையல் மெஷின் சத்தமும் இல்லை. அத்தானுக்கு விஷயம் தெரியாது என்பது அவர் என்னிடம் வழக்கம்போல் பேசியதில் தெரிந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. என் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். அவர் தட்டை என் பக்கம் தள்ளி, "சரி, சாப்பிடு," என்றார்.

அந்த நாட்களில் சோபாக்காரரைப் போய்ப் பார்த்தேன். அவர் பாவம், கூனிக் குறுகிப்போயிருந்தார். டீச்சருக்கு இனிக் கூடம் கிடையாது என்று சொல்லிவிட்டாராம். தபால்காரரும் வேறு நான்கு பேரும் நின்றுவிட்டார்கள். மற்றவர்களோடு அவள் வேறு இடம் பார்த்துக்கொண்டாள். மன்றத்து மேடையில் ஆடினார்கள், நல்ல கூட்டம் என்று கேள்விப்பட்டேன். போலீசுக்கு நாங்கள் போகவில்லை. போயிருந்தால் நானும் சாட்சி சொல்ல வேண்டியிருந்திருக்கும். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா கதவைச் சாத்திய ஏழாம் நாள் சாயங்காலம், நான் கடையிலிருந்து வந்து படியில் கால் வைத்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடியே, வந்துட்டியா?"

போய் நின்றேன். அக்கா என்னைப் பார்க்காமல், மடியிலிருந்த துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே பேசினாள்.

"அந்த நர்ஸ் பொண்ணு இறுக்கி இறுக்கிக் கட்டுறா. கணுக்கால்லாம் வீங்கிப்போச்சு. டாக்டர் திட்டுறாரு."

"நான் கட்டட்டுமாக்கா?"

"உன்னை நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. எனக்கு இன்னும் ஆறல. ராத்திரி படுத்தா அந்தப் பாட்டுதான் ஓடுது, எந்த இடத்துல நீ பாத்திருப்பேன்னு தேடிக்கிட்டே இருக்கேன்."

"தெரியும்க்கா."

"கட்டு மட்டும் கட்டு."

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கையுறைப் பெட்டி காலியாக இருந்தது. நர்ஸ் பெண் கடைசி ஜோடியை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காலை மெல்லத் தூக்கி என் மடியில் வைத்தாள். நான் துணியைப் பிரித்தேன். விரல் இருந்த இடம் சிவந்த குழியாக, ஓரங்களில் புதுத் தோல் பிடித்துக்கொண்டு வந்தது. நடுவில் இன்னும் ஊறல் இருந்தது. வாடையும் இருந்தது. வாயால் மூச்சு விட்டேன்.

"மூக்கைப் பிடிச்சுக்கோடி," என்றாள் அக்கா. "நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்."

பிடிக்கவில்லை. இரண்டு கைகளும் வேலையாக இருந்தன.